மொட்டைக் கியர்

பள்ளிக்கூடம் விட்டு வந்து, கார்மேல் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கினேன். கியர் கம்பி மொட்டையாக நின்றது. அதன் உச்சியில் இருந்த மரக் குமிழைக் காணவில்லை.

முதலில் கழன்று விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒரு பழைய தீப்பெட்டியும் துருப்பிடித்த ஊக்கும்தான் கிடைத்தன. நிமிர்ந்து கம்பியைப் பார்த்தேன். நுனியில் இருந்த மரை எண்ணெய்ப் பிசுக்கோடு சுத்தமாக இருந்தது. தானாகக் கழன்ற பொருள் போல இல்லை. யாரோ வந்து, நிதானமாகத் திருகி எடுத்துவிட்டு, தார்ப்பாயை மறுபடி போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கார் என் கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்து மூன்று வயது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. சேலையூரில் ஒரு வீட்டின் பக்கவாட்டுப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன். அப்பா மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து மானேஜருக்குக் கார் ஓட்டியவர். அந்தக் காரில்தான் நானும் ஓட்டப் பழகினேன். அப்பா போன பிறகு பத்து வருடம் ஸ்டியரிங்கையே தொடவில்லை. பல்லாவரத்தில் ஒரு வீட்டு வாசலில் பச்சை நிறத்தில் இரண்டே இருக்கை கொண்ட, மேலே கூரையில்லாத ஓர் இங்கிலீஷ் கார் விற்பனைக்கு நிற்பதை மின்சார ரயிலில் வந்த சக டீச்சர் ஒருத்தி சொன்னாள். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் அடுத்த சனிக்கிழமையே போய் நின்றேன்.

விற்றவர் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ரயில்வேயில் இன்ஜின் டிரைவராக இருந்த அவருடைய கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த மகளிடம் போய்ச் சேர்வதற்காக வீட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் வண்டியைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கிற ஆட்கள் என்றும், ஓட்டுவதற்காகக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னார். அதை அப்போதே நான் முழுதாக நம்பவில்லை. விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து இடது கையை அந்த மரக் குமிழின்மேல் வைத்தபோது மனம் இளகிவிட்டது. கரும்பழுப்பு மரம். பல வருடம் ஒரே கை பட்டுப் பட்டு, கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் இலேசாகக் குழிந்திருந்தது. என் கைக்கு அது கொஞ்சம் பெரியது. அப்படியும் அதைப் பிடித்துக்கொண்டுதான் 'சரி' என்றேன்.

கார் வந்ததிலிருந்து என்னை எல்லாரும் ஒரு தினுசாகப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் காரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "தனியா இருக்கிற உனக்கு இது எதுக்கும்மா?" என்று நேராகக் கேட்டவர் ஒரே ஒருவர். கேட்காத மற்றவர்கள் எல்லாரும் இதை யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பத்து வருடம் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றவள் நான். எந்தப் பெண் காப்பி அடிக்கிறாள் என்பதை அவள் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பள்ளியில் பெயர். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒருத்தியைச் சந்தேகப்பட்டால் உடனே போய்ப் பிடிக்க மாட்டேன். ஒன்றும் தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் நடந்து, கண்ணை மட்டும் அவள்மேல் வைத்திருப்பேன். குமிழ் போன அன்றும் அதையேதான் செய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தார்ப்பாயை மறுபடி இழுத்துப் போர்த்திவிட்டு, உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டே ஆட்களை வரிசைப்படுத்தினேன்.

முதல் ஆள் வீட்டுக்காரர். சேலையூரின் பழைய குடும்பம். கார் நின்ற கொட்டகையில் அதுவரை வைக்கோல் அடுக்கியிருந்தார். நான் கார் வாங்கியதும் கொட்டகையை எனக்கு ஒழித்துத் தரவேண்டி வந்ததில் அவருக்கு வருத்தம். ஆனால் வருத்தப்பட்டவர் டயரில் ஆணி குத்துவாரே தவிர, குமிழைத் திருகிக்கொண்டு போவாரா? அவர் மனைவிமேல் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அக்காவுக்குக் காரில் எது என்ன என்றே தெரியாது.

இரண்டாவது ஆள் பம்மலில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். அகலமான, கறுத்த கைகள். இரண்டு நாள் முன்னால் கார்பரேட்டரைப் பார்ப்பதற்காக வீட்டுக்கே வந்திருந்தார். வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது அந்தக் குமிழைக் கையில் பிடித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "நல்ல கட்ட டீச்சர் இது. இந்த மாதிரி இப்ப வராது" என்று சொன்னார்.

இது போதாதா? எனக்குப் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் மொட்டைக் கம்பியின்மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு காரைப் பம்மலுக்கு ஓட்டினேன். அவர் முகத்தைப் பார்ப்பதுதான் என் நோக்கம். பட்டறைக்குப் பின்னால் தோல் பதனிடுகிற ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. அந்த நாற்றம் பழகாதவர்களுக்கு அங்கே நிற்பதே கஷ்டம். நான் மூக்கை மூடவில்லை. மூடினால் முகத்தை ஒழுங்காகக் கவனிக்க முடியாது.

"மேஸ்திரி, கியர் நாப் கழண்டு எங்கேயோ விழுந்துடுச்சு. புதுசா ஒண்ணு போடணும்" என்றேன், சாதாரணமாக.

அவர் குனிந்து கம்பியைப் பார்த்தார். விரலால் சுண்டினார். நிமிர்ந்தார்.

"கழலல டீச்சர். கழட்டிகீறாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"தோ பாருங்க. நாபு லூசு ஆவாம இருக்க அடியில இந்த செக் நட்டு. தானா கழண்டிருந்தா இது மேல ஏறி ஆடிகினு இருக்கும். ஸ்பேனர் போட்டு லூசு பண்ணி, நாப எடுத்துகினு, நட்ட திரும்பக் கையால இறுக்கி வெச்சிகீறாங்க. தெரிஞ்ச ஆளு வேல."

திருடியவனைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு விவரம் தெரியும்? அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று தோன்றவே இல்லை.

"எதுல போடலாம்?" என்று கேட்டேன்.

"கட்டைதான் நல்லது. எங்கிட்ட பழைய கட்ட ஒண்ணு ரெண்டு கீது. கடஞ்சு பாலிஷ் போட்டுக் குடுத்தா, போனது மாதிரியே இருக்கும்."

போனது மாதிரியே இருக்கும்! என் குமிழையே கொஞ்சம் கடைந்து, மெருகேற்றி, எனக்கே விற்கப் பார்க்கிறார். திட்டம் முழுவதும் கண்ணெதிரே விரிந்துவிட்டது. "கட்டை வேண்டாம்" என்றேன்.

"அலுமினியம் போட்டா மேல கூர இல்லாத வண்டி, வெயில்ல கை பொசுங்கும்."

"பித்தளை போடுங்க."

"பித்தளையும் சூடாவும். கனமும் ஜாஸ்தி. வேணாம் டீச்சர், சொல்றதக் கேளுங்க."

அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பித்தளையின்மேல் நம்பிக்கை கூடியது. பித்தளைதான் வேண்டும் என்று நின்றேன். அவர் தோளைக் குலுக்கினார். கம்பியின் மரையை அளந்து பார்த்தார். மூன்று நூல் பருமனுள்ள கம்பி, ஆனால் மரை நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற நட்டுக்குச் சேராத இங்கிலீஷ் மரை. லேத்தில் வைத்து, கம்பியோடு ஒத்துப் பார்த்துப் பார்த்து வெட்டவேண்டும், வண்டியை விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார்.

"விட்டுட்டுப் போக முடியாது. இங்கேயே இருக்கேன்."

"நாலு மணி நேரம் ஆவும்."

"ஆகட்டும்."

ஒரு முக்காலியைக் காரின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கைப்பை மடியில். பட்டறையில் இருந்த ஆட்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி லேத்தை ஓட்டிக்கொண்டே நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனமிருக்கிறவன் பார்க்கிற பார்வை என்று அதை முடிவு செய்தேன். தாகம் தாங்காமல் ஒரே ஒரு தடவை எதிர்க் கடையில் சோடா குடிக்கப் போனேன். அப்போதும் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கடைக்காரர் சில்லறைக்காக உள்ளே கூப்பிட்டபோது மட்டும் ஒரு நிமிடம் முதுகைத் திருப்பவேண்டி வந்தது.

குமிழ் என்னவோ அழகாகத்தான் வந்தது. எலுமிச்சம்பழ அளவில், முகம் தெரிகிற பளபளப்பில், கையில் எடுத்தால் கை இறங்குகிற கனத்தில். கியர் மாற்றும்போது அந்தக் கனமே கம்பியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும்போது நான் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷத்தில் வீட்டில் நிறுத்தாமல் வேளச்சேரிச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் விட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கம் திருப்பத்துக்கு முன்னால் சாலை மேடும் பள்ளமுமாக இருந்தது. மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் 'டொக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் வெறுமனே கத்தியது. வண்டிக்கு இழுப்பு இல்லை. கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்திருந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே என்மேல் ஏறுவதுபோல வந்து, கடைசி நொடியில் ஒதுங்கிப் போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து என்னமோ சொன்னார். காதில் விழாததே நல்லது. மறுபடி கியரைப் போட்டேன். அடுத்த பள்ளத்தில் மறுபடி 'டொக்'. வெயிலில் பித்தளை வேறு கையைச் சுட்டது.

அப்படியே வண்டியைத் திருப்பி நேராகப் பம்மலுக்குப் போனேன். வழி நெடுகக் கியர் கம்பியை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். பட்டறையில் அப்போது நான்கைந்து வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"கியர் பாக்ஸ்ல என்ன பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"இன்னா பண்ணேன்?"

"காலை வரைக்கும் நல்லா இருந்த கியர் இப்ப கழண்டு கழண்டு வருது. உள்ளே எதையோ மாத்திட்டீங்க."

"நாலு மணி நேரம் முக்காலி போட்டு முன்னாலயே குந்தினு இருந்தீங்களே. எப்ப மாத்துவேன்?"

"நான் சோடா குடிக்கப் போனேனே, அப்போ. முதல்ல என் நாபை எடுத்தீங்க. இப்ப கியர் பாக்ஸ்."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. லேத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி ஸ்பேனரை எடுத்து வந்தார். பித்தளைக் குமிழைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை தொங்கியது.

"வேற ஆளப் பாரு" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர் அப்போது 'நீ'க்கு மாறினார். அதற்குப் பிறகு என்றைக்கும் அவர் 'நீங்க'வுக்குத் திரும்பவில்லை.

அடுத்த இரண்டு வாரம் கம்பியின் நுனியில் ஒரு ரப்பர் பந்தைக் குத்திச் செருகிக்கொண்டு ஓட்டினேன். விசித்திரம் என்னவென்றால், கியர் கழலவில்லை. அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். பட்டறையிலிருந்து கிளம்புவதற்குள் எப்படியோ சரி செய்துவிட்டார் என்று. அவர் காரின் அருகே ஸ்பேனரோடு நின்றது அரை நிமிடம்கூட இருக்காது என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

ரப்பர் பந்து வியர்வைக் கையில் வழுக்கிச் சுழன்றது. ஒரு நாள் பட்டணத்துக்குப் போய், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரி பாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெல்வெட் துணியில் சுற்றிய கறுப்புக் குமிழ் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஒரிஜினல் லண்டன் பீஸ் மேடம். உங்க வண்டியோடது."

குமிழின் தலையில் கியர் வரிசை வெள்ளைக் கோடாகச் செதுக்கியிருந்தது. என் காரில் முதல் கியர் இருக்கிற இடத்தில் இதில் ரிவர்ஸ் என்று போட்டிருந்தது.

"இது என் வண்டியோடது இல்லியே."

"படம்தானே மேடம்? உங்களுக்குத்தான் எங்கே எதுன்னு தெரியுமே."

அடிப்பக்கத்தைத் திருப்பினேன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் பிசிறு இன்னும் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் சந்தேகம் சரி என்பதில் எனக்கு அபாரத் திருப்தி. வெறுங்கையோடு ரயிலேறினாலும் ஜெயித்தவள்போலத்தான் திரும்பினேன்.

இதற்கிடையில், வண்டியை என் பெயருக்கு மாற்றும் தாளில் விற்றவர் ஓரிடத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்காக ஒரு சாயங்காலம் பல்லாவரத்துக்குப் போனேன். வீடு கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. கூடத்தின் நடுவில் இரண்டு தகரப் பெட்டிகள் திறந்து கிடந்தன. அந்தப் பெண்மணி தரையில் உட்கார்ந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா டீச்சர், வா. சேர் எல்லாம் வித்தாச்சு. பெட்டிமேல உட்காரு."

கையெழுத்துப் போடுவதற்குப் பேனா தேடி எழுந்தார். நான் குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. என் பழக்கம் அது. ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைக்குள் உருண்டையாக ஏதோ சுற்றி வைத்திருந்தது. காலுறையின் வாய் வழியாகக் கரும்பழுப்பு மரம் தெரிந்தது. கட்டைவிரல் படுகிற அந்தக் குழிவு எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் பேனாவோடு திரும்பி வந்தபோது நான் அதைக் கையில் வைத்திருந்தேன்.

"ஓ" என்றார். கொஞ்சம்கூடப் பதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு செவ்வாய்க்கிழமை வந்தேன். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தே. ஹஸ்பண்டோட ஸ்பேனர்தான், அதையும் எடுத்துக்கிட்டு வந்தேன். உங்க ஹவுஸ் ஓனர் லேடி மோர்கூடக் குடுத்தா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பே. குடுத்தா நான் தேங்க்யூ சொல்லணும். ஒன் இயரா பார்க்கிறவங்களுக்கெல்லாம் தேங்க்யூ சொல்லிட்டிருக்கேன். சாப்பாடு குடுத்தவங்களுக்கு, சர்ச்ல பாட்டுப் பாடினவங்களுக்கு, பெட்டி தூக்கினவங்களுக்கு. இதுக்கு மட்டும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சு. பதினாலு வருஷம் அவர் கை இதுமேலதான் இருந்துச்சு, டீச்சர். என் கையைவிட இதைத்தான் ஜாஸ்தி பிடிச்சிருப்பார்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியை வித்துட்டேன், இது உன் பொருள்தான். எடுத்துட்டுப் போறதுன்னா எடுத்துக்கோ" என்றார்.

உடனே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ரயில் ஒன்று நின்று கிளம்புகிற நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வேற ஏதாவது எடுத்தீங்களா?"

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் காலிக் கூடம் எதிரொலிக்கிற அளவுக்குச் சிரித்தார். இந்தத் தடவை நல்ல சிரிப்பு. "நோ, மை டியர். இன்ஜின் என் பெட்டியில பிடிக்காது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கமும் கூடவே வந்தது. குமிழை அந்தக் காலுறைக்குள் போட்டு, வாயை மடித்து, பெட்டியில் அவர் வைத்திருந்த இடத்திலேயே வைத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அதற்கு அடுத்த வாரம் அவர் கப்பலேறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்கார அக்காவிடம் போனேன். அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை வெள்ளைக்காரி மாதிரி ஒரு அம்மா வந்தாங்களா?"

"ஆமா, வந்துச்சு. கவுனு போட்டுகினு. காருல குந்தி ரொம்ப நேரம் அழுதுச்சு. மோரு குடுத்தேன்."

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?"

அவர் முறத்தை நிறுத்தினார். "நீ கேக்கவே இல்லியே, டீச்சர். அன்னிலேர்ந்து நீ எங்க மூஞ்சியையும் பாக்கல, பேசவும் இல்ல. கொட்டாய்க்குப் பூட்டு வேற வாங்கியாந்து மாட்டின. எங்க வூட்டுக்காரரு ரொம்ப பேஜாராப் போய்ட்டாரு."

பூட்டு மாட்டியது உண்மை. வீட்டுக்காரரின் கொட்டகைக்கு நான் பூட்டு மாட்டி, சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் கொட்டகையின் ஒரு மூலையில் கொஞ்சம் வைக்கோல் வந்து சேர்ந்தது. நான் காரை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன்.

பம்மல்தான் கஷ்டம். இரண்டு சனிக்கிழமை தள்ளிப் போட்டேன். மூன்றாவது சனிக்கிழமை போனேன். நான்கைந்து பேர் முன்னால் சொன்னதை நான்கைந்து பேர் முன்னால்தான் திரும்ப எடுக்கவேண்டும் என்று பட்டறையில் ஆள் சேருகிற வரை காரிலேயே காத்திருந்தேன். பிறகு இறங்கிப் போய்ச் சொன்னேன். "மேஸ்திரி, நாப் கிடைச்சிடுச்சு. வித்தவங்களே எடுத்திருக்காங்க. உங்களைச் சொன்னது என் தப்பு. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"பித்தளை வேணாம்னு சொன்னேனா, இல்லியா?" என்றார்.

"சொன்னீங்க."

"வண்டி பழசு. உள்ள கியர் பல்லு தேஞ்சு கீது. தலைல கனத்த வெச்சா குலுங்கும்போது கம்பி தானா இஸ்துகினு வரும். அதுக்குத்தான் கட்ட போடுன்னேன்."

"உங்களை நம்பல. அதான்."

"தெரியும். நானும் உன்னிய நம்பல."

எனக்குப் புரியவில்லை.

"தனியா ஒரு டீச்சரம்மா. ஃபாரின் வண்டி. ஒரு நாள் விட்டுட்டுப் போன்னா போவ மாட்டேங்குது. மடியில பைய வெச்சிகினு நாலு மணி நேரம் காவல் காக்குது. நான் இன்னா நெனைப்பேன்? சீட்டுக்கு அடியில பிஸ்கட்டு கீதுன்னு நெனச்சேன்."

"பிஸ்கட்டா?"

"தங்கம் டீச்சர்! கப்பல்ல வர்றது. நீ சோடா குடிக்கப் போனியே, அப்ப சீட்டத் தூக்கிப் பாத்தேன்."

நான் முதுகைத் திருப்பிய அந்த ஒரே நிமிடத்தில்! எனக்கு ஆத்திரம் பொங்கியது. மன்னிப்புக் கேட்க வந்தவள் என்பதே மறந்துவிட்டது. "என் வண்டியில கை வெச்சீங்களா? அப்போ நான் சந்தேகப்பட்டது சரிதானே?" என்றேன்.

"சரிதான். ஒரு தீப்பெட்டிதான் இருந்திச்சு" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சிரித்தேன்.

அன்றைக்கே அவர் குமிழ் வேலையை ஆரம்பித்தார். என்னைக் காரில் உட்காரச் சொன்னார். நாலைந்து மரத்துண்டுகளைக் கொண்டுவந்து, ஒன்றொன்றாகக் கம்பியின் நுனியில் பிடித்து, கை வைத்துப் பார்க்கச் சொன்னார். பெரியது, சின்னது, முட்டை வடிவம், தட்டையானது. "நாலாவதுக்கு இழு. ரிவர்சுக்குத் தள்ளு. மணிக்கட்டு நோவுதா?" எனக்கு எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எதை வைத்தாலும் பழைய குமிழை மனதில் வைத்துக்கொண்டு இது சின்னது, இது வழுக்குது என்றேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அது ஆம்பள கைக்கு வாங்கினது. உன் கை எலிக்குஞ்சு மாதிரி கீது. அத மறந்துட்டுப் பிடி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பழையதில் பாதிதான் இருக்கும். கோழிமுட்டையைவிடச் சற்றுப் பருமன்.

அதன் நடுவில் துளை போட்டு, மரை வெட்டிய சின்னப் பித்தளைக் குழாய் ஒன்றை அடித்து இறக்கினார். வியர்வைக் கையில் வெறும் மரம் வழுக்கும் என்று நான் சொன்னதும், பின்னால் இருந்த தோல் ஷெட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டை நனைத்து, குமிழின்மேல் இழுத்துப் போர்த்தி, அடிப்பக்கம் தையல் வருவதுபோல வளைந்த ஊசியால் தைத்தார். தையல் பிரியாதா, சாயம் கையில் ஒட்டாதா, இது ஆட்டுத்தோல்தானா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மனிதர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "டீச்சரு. அப்படித்தான் கேக்கும்" என்றார்.

காய்ந்ததும் மாட்டினார். ஓட்டிப் பார்க்க நான் கிளம்பியபோது கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். "ஒத்தையா போய் வந்து ராங்கு பண்ணுவ. நானும் வர்றேன்" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் வரை போனோம். ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் முன்பலகையையும் பிடித்துக்கொண்டு, என் ஓட்டுதலை அவர் ஒரு நொடிகூட நம்பவில்லை. சாலையில் பள்ளம் தேடித் தேடி நான் இறக்கினேன். மூன்றாவது கியர் அசையவில்லை. தோல் கையில் பதமாக நின்றது, சுடவில்லை. பெருங்களத்தூரில் திருப்பும்போது பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த வார ஆராதனைக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை வாசலில் இறங்கியவர் கதவைச் சாத்திவிட்டு, "தோல்ல தண்ணி படாம பாத்துக்க" என்றார்.

"பட்டா?"

"சுருங்கும்."

"அப்போ மழைக் காலத்துல? மேல கூரையே இல்லாத வண்டி. இதை முன்னாலயே சொல்லியிருக்கணும் இல்ல?"

"மழ வந்தா வா, டீச்சர். அப்ப சண்ட போடலாம்."

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. தையல் ஓரமாகத் தோல் கொஞ்சம் சுருங்கியது. போய்ச் சண்டை போட்டேன்.